ஆமா போட ஓர் ஆள்

தலையணை உறை ஒன்றைத் தைத்து முடித்ததும் கத்தரிக்கோலின் பிடியால் மெஷினின் இரும்புக் காலில் இரண்டு தட்டு. பிறகுதான் அடுத்த உறை. ஓரத்தை மடித்து, மிதித்து, நூலை அறுத்து, மறுபடியும் இரண்டு தட்டு. தோஹாவின் பெரிய ஆஸ்பத்திரியில் தையல் அறையை ஒட்டி மருந்துப் பெட்டி அடுக்குகிறவர்களுக்கு இந்தச் சத்தம் பழகிப்போயிற்று. சத்தம் நின்றால் எட்டிப் பார்த்து, "அம்மா எங்கே, டூட்டிக்கு வரலையா?" என்று விசாரிப்பார்கள். அன்னபாக்கியம் அங்கேதான் இருப்பார், ஊசியில் நூல் கோத்துக்கொண்டு.

ஐம்பத்தெட்டு வயது. ஆள் குள்ளம், குரல் நெட்டை. வெள்ளைச் சேலைக்கு மேலே ஆஸ்பத்திரி கொடுத்த நீலக் கோட்டு, கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பு. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் ஒடிந்துவிட்டது, மெஷின் நூலால் காதில் கட்டியிருக்கிறார். "கண்ணாடிக் கடைக்காரன் கேக்க காசுக்கு நா இதே நூலுல நூறு கண்ணாடி கட்டுவேன்" என்பார். தலைமை நர்ஸ் எகிப்துக்காரி. அவரிடம் அன்னபாக்கியம் தமிழும் அரபியும் கலந்து பேசும் பாஷைக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. "சிஸ்டர், நூலு மாஃபி, ஊசி மாஃபி, பொறவு நா என்னத்தத் தைக்கது? யல்லா, ஸ்டோருக்கு ஆள விடும்!" என்று கையை வீசுவார். எகிப்துக்காரிக்கு ஒரு வார்த்தை விடாமல் புரியும். பத்து நிமிஷத்தில் நூல் வந்துவிடும்.

திசையன்விளைக்குத் தெற்கே, செம்மணல் தேரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஊர்களில் அன்னபாக்கியம் என்றால் தையல்காரி என்று யாரும் நினைக்க மாட்டார்கள். வில்லுப்பாட்டு அன்னபாக்கியம். முப்பது வருஷம், மாதா கோயில் திருவிழா, அந்தோணியார் கோயில் அசன விருந்து, கல்யாண வீடு என்று ஒன்று விடாமல் பாடினவர். ஒலிபெருக்கி வராத காலத்திலேயே அவர் பாடினால் கரையில் வலை காயப்போடுகிறவனுக்குக் கேட்கும் என்பார்கள். கேட்டிருக்கும், சந்தேகமே இல்லை. இன்றைக்கும் அவர் கோபமாக ஒரு தும்மல் போட்டால் மூன்றாவது வார்டில் குழந்தை விழிக்கிறது.

வில்லுப்பாட்டு கேட்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுவே பெரிய வில், அதில் மணிகள், வில்லைத் தாங்க ஒரு மண்குடம். பாடுகிறவர் கையில் இரண்டு வீசுகோல். அவற்றால் நாணை அடித்து அடித்துக் கதை சொல்லுவார். ஒருவர் குடத்தைத் தட்டுவார். இன்னொருவர் 'ஆமா' போடுவார். "அந்த ஊரிலே ஒரு அண்ணன் இருந்தான்" என்றால், "ஆமா, இருந்தான்" என்பது அவர் வேலை. இது ஒரு வேலையா என்று கேட்கத் தோன்றும். ஆமா போடுகிறவன் சரியில்லை என்றால் எப்பேர்ப்பட்ட பாட்டுக்காரரும் பாதிக் கதையில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்துவிடுவார்.

அன்னபாக்கியத்துக்கு ஆமா போட்டவர் அவர் புருஷன் இஸ்ரவேல். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்! "வீட்டுல நா கறியில உப்பு கூடிட்டும்பேன், அவுக கொறச்சல்ம்பாவ. மழை வரும்பேன், வராதும்பாவ. எம்பேரு அன்னபாக்கியம்னா அதுலயும் ஒரு சந்தேகம் கேப்பாவ. மேடையில ஏறி நா வாயத் தொறந்துட்டா, ஆமா, ஆமா, ஆமா! அந்த மனுசன் வாயில ஆமா கேக்கணும்னே நா வருசம் பூரா பாட்டு ஒத்துக்கிட்டேன்." சொல்லிவிட்டு, கிராம்பு தெறிக்கச் சிரிப்பார்.

இஸ்ரவேல் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. அடுத்த திருவிழாவுக்கே ஊர்க்காரர்கள் வேறோர் ஆளை உட்கார வைத்தார்கள். அன்னபாக்கியம் பாட்டை நடுவில் நிறுத்தி, வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு, இறங்கி வந்துவிட்டார். அப்புறம் வில் பரண் ஏறியது, அம்மா விமானம் ஏறினார். தெரிந்த கன்னியாஸ்திரி ஒருவர் சொல்லி இந்த வேலை. தோஹாவில் யார் பாடச் சொல்லிக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஆமா போட ஆளில்ல யய்யா."

இந்தப் பதிலை ஒத்துக்கொள்ளாத ஆசாமி செய்கு முகம்மது. காயல்பட்டினத்துக்காரர், தோஹாவின் நஜ்மா பகுதியில் கேசட் கடை வைத்திருக்கிறார். எந்த மொழிப் பாட்டுக் கேட்டாலும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். இளவட்டமாக இருந்தபோது உவரித் திருவிழாவில் மணலில் உட்கார்ந்து அன்னபாக்கியத்தின் பாட்டை விடிய விடியக் கேட்டவர். அந்த அன்னபாக்கியம் இந்த ஊரில் தலையணை உறை தைக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

"அக்கா, நீங்க ஒரு கேசட்டு பாடணும்."

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கா? முப்பது வருசம் பாடியிருக்கீங்க. இன்னைக்கு ஒருத்தன் கேக்கணும்னா எங்க போய்க் கேப்பான்? எல்லாம் காத்தோட போச்சு. ஒரே ஒரு தரம் நிக்கட்டுமே!"

அம்மா நாலு உறை தைத்தார். மெஷின் காலில் தட்ட மறந்துபோனார். அந்தச் சொல் உள்ளே போய்விட்டது. வயலுக்குப் போகிறவனும் கடலுக்குப் போகிறவனும் சாயங்காலம் எதையாவது வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அவர் பாடினதெல்லாம் பாடின இடத்திலேயே கரைந்து போயிருக்கிறது. ஒரு கதையாவது கையில் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று அவருக்கு அன்றைக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, சோறு இறங்காத ஆசை.

வில்லுக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரியின் பழைய சாமான் கொட்டகையில் உடைந்த கட்டில் ஒன்று கிடந்தது. அதன் தலைமாட்டு இரும்புக் குழாய், வளைத்து வைத்த வில்லேதான். துணி அளக்கும் மரக்கோலை இரண்டாக அறுத்தார், வீசுகோல் ஆயிற்று. "அளவுகோல் எங்கேன்னு சிஸ்டர் கேட்டா கரையான் தின்னுட்டும்பேன். இந்த ஊருல கரையான் உண்டா இல்லியான்னு அவ கண்டாளா?" சூக் என்கிற சந்தையில் ஆட்டுக் கழுத்து மணிகள் கிடைத்தன. அங்கேயே தண்ணீர் ஊற்றி வைக்கும் மண்ஜாடிகளை வரிசையாக விரலால் சுண்டிச் சுண்டிப் பார்த்து, ஒன்றின் முன்னால் நின்று, "இவன்தான்" என்றார். ஜாடி விற்ற கிழவர் பயந்துபோய் விலையைக் குறைத்துவிட்டார்.

எல்லாம் கிடைத்தது. ஆமா கிடைக்கவில்லை.

முதலில் நர்ஸ் அருள்செல்வியை உட்கார வைத்தார்கள். இடிந்தகரைப் பெண், நல்ல பிள்ளை. ஆனால் ஆமா என்று வாயைத் திறந்ததும் சிரிப்பு வந்துவிடும், அடக்க முடியாது. அடுத்து மலையாளத்துக் கம்பவுண்டர். அவர் ஒவ்வொரு அடிக்கும் தங்கள் பாஷை ஆமாவாக "அதே, அதே" என்று முந்திக்கொண்டார். பாட்டுக்காரியைத் துரத்துகிற மாதிரி இருந்தது. செய்கு முகம்மது தானே உட்கார்ந்து பார்த்தார். அவர் கண் டேப்ரிகார்டரின் முள்ளைவிட்டு அகலவில்லை. முள் ஆடினால் ஆமா, ஆடாவிட்டால் இல்லை.

ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவின் ரகுநாதன் நாலாவது ஆள். கும்பகோணத்துக்காரர், சங்கீத ஞானம் உண்டு, பெரிய நம்பிக்கையோடு அழைத்து வந்தார்கள். அன்னபாக்கியம் எடுத்துக்கொண்ட கதை, கோயிலுக்கு மணி கொண்டுவந்த சந்தியாகுவின் கதை. ஊர்க் கோயிலில் மணி இல்லை என்று கொழும்புக்குப் போய் உழைத்து, பெரிய வெண்கல மணி ஒன்றை வாங்கித் தோணியில் ஏற்றிக்கொண்டு வருகிறான் சந்தியாகு. அந்த இடத்தில் ரகுநாதன் கையைத் தூக்கினார்.

"ஒரு சந்தேகம்மா. மணி அவ்வளவு கனம்னா, தோணி ஏத்தறச்சேயே ஒரு பக்கமா சாஞ்சிருக்குமே?"

"ஏ யய்யா, நீரு ஆமா போடுதீரா, கணக்குப் பாக்கீரா?"

"இல்லம்மா, ஒத்துக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கலாமேன்னு..."

"தெரிஞ்சிட்டுச் சொல்லுததுக்குப் பேரு ஆமா இல்லவே, தீர்ப்பு!"

ரகுநாதனே எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். சின்ன வயதில் மிருதங்கம் கற்றவர் என்று அப்போதுதான் தெரிந்தது. ஜாடியை அவர் மடியில் வைத்தார்கள். அடடா, என்ன நாதம்! குடம் அடிக்க ஆள் கிடைத்துவிட்டது. ஆமா மட்டும் இன்னும் அந்தரத்தில் நின்றது.

"அந்த ஆமா முந்தியும் வரப்படாது, பிந்தியும் வரப்படாது" என்று அம்மா விளக்கம் சொன்னார். "நா அடுத்த மூச்சு எடுக்கதுக்குள்ள வரணும். பொறவு என்னாச்சுன்னு அவனுக்கு வயித்துக்குள்ள துடிக்கணும். அந்தத் துடிப்புல விழுத சொல்லு அது."

கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவருக்கும் வரவில்லை.

செய்கு முகம்மது இதற்குள் ஒரு காரியம் செய்துவிட்டார். ஹோட்டலில் வாசிக்கும் கோவாக்காரர்களின் பாண்டிலிருந்து நல்ல மைக் இரண்டு இரவல் வாங்கினார். ஒரு வெள்ளிக்கிழமைக்கு மட்டும். அன்று சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் பாண்டு மொத்தமும் பஹ்ரைனுக்குப் போகிறது. இந்த வெள்ளிக்கிழமையை விட்டால் கேசட்டு இல்லை. ஆமா இல்லாமலே பாடிவிடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். அம்மா அரை மனதாகத் தலையசைத்தார்.

ஜூன் மாதம். இரைச்சல் டேப்பில் ஏறும் என்று செய்கு கடையின் ஏ.சி.யை நிறுத்தினார்கள். ஷட்டர் பாதி இறங்கியது. கடைக்குள்ளே அன்னபாக்கியம், ரகுநாதன், செய்கு முகம்மது. வெளியே நடைபாதையில் தொழிலாளர் கேம்ப் ஆட்கள் சிலரும் அருள்செல்வியும். கடைக்குள் இருந்தவர்கள் வேர்வையில் நனைந்துபோனார்கள். அம்மா நாணை அடித்தார், ஆட்டு மணிகள் குலுங்கின, பாட்டு எழும்பியது:

காத்தடிக்குது கடல் கொதிக்குது
கயிறு ரெண்டும் முறுக்குது
காத்திருக்குற சனத்துக்கெல்லாம்
காது ரெண்டும் துடிக்குது

"அப்படியாக்கும், சந்தியாகு தோணிய தள்ளுதான்..." என்று கதைக்குள் நுழைந்தார். நிறுத்தினார். அந்த இடத்தில் ஆமா விழ வேண்டும். விழவில்லை. டேப் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மாவின் கை தொய்ந்தது. மறுபடி முதலிலிருந்து. அதே இடம், அதே வெற்றிடம். மூன்றாவது தரமும் அதே. வீசுகோலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வேர்வை மட்டும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"போதும் யய்யா. கலாஸ். எனக்கு குடுத்து வைக்கல."

ரகுநாதன்தான் மெதுவாக, "கடைசியா ஒரே ஒரு தரம்மா, எனக்காக" என்றார். மனுஷர் மடியில் ஜாடி வழுக்கிக்கொண்டிருந்தது, அதையும் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அம்மா கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வீசுகோலை எடுத்தார்.

இந்தச் சமயத்தில் ஜர்வலி உள்ளே நுழைந்தார். தண்ணீர் லாரி ஓட்டும் பட்டாணியர், ஆறடிக்கு மேல் உயரம், செய்கு கடையின் பழைய வாடிக்கை. அவருடைய கேசட்டு ஒன்று லாரியில் சிக்கி நாடா பூராவும் வெளியே வந்துவிட்டது. அதைக் கொத்தாகக் கையில் பிடித்துக்கொண்டு, சண்டை போடுகிற உத்தேசத்தோடு, ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தார். வந்தவர் பாட்டைக் கேட்டதும் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"அப்படியாக்கும், சந்தியாகு தோணிய தள்ளுதான்..."

"அச்சா!"

செய்கு முகம்மதுக்கு உயிரே போய்விட்டது. வெளியே போ என்று இரண்டு கையாலும் சைகை செய்தார். அன்னபாக்கியம் பாட்டை நிறுத்தவில்லை. வலது கை நாணை அடிக்க, இடது கை வீசுகோலை ஜர்வலியின் பக்கம் நீட்டி, கீழே காட்டியது. உட்காரு! பட்டாணியர் அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"தள்ளுன தோணி அலைமேல ஏறுது!"

"அச்சா!"

"ஏறுன தோணி எறங்குது!"

"அச்சா, அச்சா!"

முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. அம்மாவின் மார்பு மூச்சுக்கு விரிகிற அந்த நொடியில் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு அன்னபாக்கியம் பாடினதைப் பாட்டு என்று சொல்வதா, வேறு என்ன சொல்வது? வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக ஷட்டருக்கு அடியில் தலையை நுழைத்தார்கள். ரகுநாதன் ஜாடியைக் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தார். சந்தியாகுவின் தோணி கரைக்குப் பக்கம் வந்தது. ஊர் பூராவும் மணலில் நிற்கிறது. பெரிய அலை ஒன்று. கயிறு அறுந்தது. அம்மா குரலைத் தாழ்த்தி, நெஞ்சை உருக்குகிற மாதிரி,

"பாடுபட்டு வாங்குன மணி... கடலுக்குள்ள போயிட்டே!"

"அச்சா!"

செய்கு முகம்மது தலையில் கை வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு. டேப் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்னபாக்கியம் ஒரு நிமிஷம் பட்டாணியரைப் பார்த்தார். நாணில் பட்டென்று ஓர் அடி.

"மணி முங்கிப்போச்சுன்னு நா அழுதேன், நல்லதுங்கான் பாருங்க இந்த மனுசன்! ஏன் நல்லதுங்கான்? கேட்டியளா? கரையில கோயிலு இருக்கு. கடலுக்குள்ள மீனுக்கு கோயிலு உண்டா? அதுகளும் பூசைக்கு போவாண்டாமா?"

ஷட்டருக்கு அடியில் இருந்த அத்தனை தலைகளும் சிரித்தன. அருள்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அந்தச் சிரிப்பும் கேசட்டில் இருக்கிறது, செய்கு அதை அழிக்கவில்லை. கடைசியில் சந்தியாகு முங்கி மணியை எடுத்து வந்து, அது முதல் அடி அடித்தபோது, ஜர்வலி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத மனுஷர்!

முடிந்ததும் அவர் செய்குவைப் பிடித்துக்கொண்டு இந்தியில் படபடவென்று கேட்டார். செய்குவுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் மேஜைமேல் சாய்ந்துவிட்டார்.

"அக்கா, மணிங்கிறது ஒரு பொண்ணுன்னு நெனச்சிட்டார் இவர். சந்தியாகு கொழும்புல போய்க் கலியாணம் பண்ணிக் கூட்டிட்டு வர்றான், அவ கடல்ல விழுந்துட்டான்னு! அச்சான்னது, ஐயோ அப்படியான்னு கேட்டதாம். இப்ப கேக்கிறார், மணி பொழச்சிட்டாளா?"

அன்னபாக்கியம் எழுந்து, அந்த ஆறடி ஆளின் தோளுக்கு எட்டாமல் முழங்கையைத் தட்டினார். "பொழச்சிட்டா யய்யா, பொழச்சிட்டா! நல்லா சத்தம் போட்டுட்டு இருக்கா!" மைக்குகள் நேரத்துக்கு ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தன.

இன்றைக்கு நஜ்மாவில் எந்தத் தமிழன் அறைக்குப் போனாலும் அந்தக் கேசட்டு ஓடுகிறது. சவூதியின் யான்புவிலிருந்தும் அபுதாபியிலிருந்தும் ஆள்விட்டு வாங்குகிறார்கள். ஒருவன் ஏதாவது கதை அளந்தால் மற்றவர்கள் ஆமா போடுவதில்லை, "அச்சா!" போடுகிறார்கள். ஜர்வலி வாரத்துக்கு ஒரு தரம் தண்ணீர் லாரியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி ஹாரன் அடிக்கிறார். அம்மா ஜன்னல் வழியாகக் கையாட்டுகிறார்.

அன்னபாக்கியம் மட்டும் கேசட்டைக் கேட்கவில்லை. கொடுத்தாலும் வாங்கமாட்டேன் என்கிறார். "பாடுதவளுக்கு கேக்கது என்னத்துக்கு? கேக்கத்தான் இத்தன சனம் இருக்கே" என்று பேச்சை மாற்றுகிறார். கூச்சம். இத்தனை பெரிய குரலுக்குச் சொந்தக்காரிக்கு இப்படி ஒரு கூச்சம்.

போன வாரம் அருள்செல்வி ஒரு டேப்ரிகார்டரைத் துண்டில் சுற்றித் தையல் அறைக்குள் கொண்டுவந்து, சொல்லாமல் கொள்ளாமல் பொத்தானை அழுத்திவிட்டாள். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. மெஷின் ஓடியது. காற்றடித்தது, கடல் கொதித்தது, கயிறு முறுக்கியது. அம்மா குனிந்து ஓரம் அடித்துக்கொண்டே இருந்தார். "அப்படியாக்கும், சந்தியாகு தோணிய தள்ளுதான்..." என்றது பெட்டி.

மெஷின் மிதிக்கிற கால் நின்றது. பட்டாணியர் வாயைத் திறப்பதற்கு முன்னால், தலையணை உறையைப் பார்த்தபடியே அன்னபாக்கியம் சொன்னார்:

"ஆமா."